உடுத்தும் பீரோவா, அடைக்கும் பீரோவா? மும்பை ஈரத்தில் ஆண்களின் உடைக் கணக்கு

ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்தால் செப்டம்பர் முடியும்வரை மும்பைக் காற்றில் ஈரம் இறங்காது. அந்த நாலு மாதமும் பீரோவில் அசையாமல் தொங்கிய கோட்டை அக்டோபரில் வெளியே எடுத்துப் பாருங்கள். காலரைத் திருப்பினால் அடிப்பக்கம் சாம்பல் தூவியது போல் பூஞ்சை பூத்திருக்கும். அக்குள் பக்கம் லைனிங்கில் மஞ்சள் வட்டம் தெரியும். பக்கத்திலேயே தொங்கி, வாரம் ஒரு தடவை போட்டுக் கழற்றிய கோட்டில் பெரும்பாலும் இதெல்லாம் இருக்காது. துணியும் ஒன்றுதான், பீரோவும் ஒன்றுதான். ஒரு கோட்டுக்கு அவ்வப்போது காற்றுப் பட்டது, மற்றதற்குப் படவில்லை.

கிளாசிக் ஆண்கள் உடை என்று பேச்சு வந்தாலே விலை, பிராண்ட், நிறம் என்றுதான் போகும். இந்த ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாங்குவதை மாதம் ஒரு தடவையாவது உடுத்த முடியுமா? அதை வைத்து இரண்டு வழிகளையும் பார்க்கலாம். தேவையை எண்ணி, ஒன்றோடொன்று சேரும்படி அளவாக அமைத்துக்கொள்வது ஒரு வழி. தள்ளுபடி கண்டபோதும், மனசு சோர்ந்தபோதும், ‘இந்தக் கலர் இனிமேல் வராது’ என்று கடைக்காரர் சொன்னபோதும் வாங்கி அடுக்குவது இன்னொரு வழி. இரண்டாவதை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதும் உண்மைதான்.

சட்டை எத்தனை?

அலுவலகம் ஐந்து நாள், ஆக ஐந்து சட்டை. இஸ்திரிக்காரரிடம் போய்த் திரும்பி வர இரண்டு நாள், அதற்கு இரண்டு. மழைக்காலத்தில் பால்கனிக் கொடியில் பருத்திச் சட்டை காய ஒன்றரை நாள், சமயத்தில் இரண்டு நாள் பிடிக்கும், அதற்கு இரண்டு. பொத்தான் விழுந்தது, சாம்பார் தெறித்தது என்று அவசரத்துக்கு ஒன்று. மொத்தம் 10. ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று வைத்தால் ஒவ்வொரு சட்டைக்கும் 25 தடவை முறை வரும். எதுவும் மூலையில் கிடக்காது.

அதே ஆளிடம் 50 சட்டை இருந்தால் சராசரி ஐந்து தடவை. ஆனால் சராசரி பார்த்து யாரும் உடுத்துவதில்லை. காலை எட்டரை மணி லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவன் கை, போன வாரம் நன்றாக இருந்த சட்டையைத்தான் தேடும். ஐம்பதில் பத்துப் பன்னிரண்டு மட்டும் சுழலும், மற்றவை மடிப்புக் கலையாமல் இருக்கும். அதாவது சேர்ப்பவரும் பத்துச் சட்டைதான் உடுத்துகிறார். மீதி நாற்பதுக்கு விலையும் கொடுத்து, வீட்டில் இடமும் கொடுக்கிறார்.

பணத்தை ஓர் உதாரணக் கணக்காகப் போடுவோம். 2,000 ரூபாய்ச் சட்டையை 80 தடவை உடுத்தினால் தடவைக்கு 25 ரூபாய். பாதி விலைக்கும் குறைவாக 900 ரூபாய்க்கு வந்த சட்டையை ஆறே தடவை உடுத்தினால் தடவைக்கு 150 ரூபாய்.

இடத்தையும் அங்குலக் கணக்கில் பார்த்துவிடலாம். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ முலுண்டிலோ ஒரு படுக்கையறை வீட்டில் ஆணுக்கு வாய்ப்பது பீரோவின் ஒரு கதவு, அதில் சுமார் மூன்றடிக் கம்பி. அது 36 அங்குலம். பத்துச் சட்டைக்கு தலா ஓர் அங்குலம், ஐந்து பேன்ட்டுக்கு தலா ஓர் அங்குலம், தோள் அகலமான ஹேங்கரில் இரண்டு கோட்டுக்கு தலா நான்கு அங்குலம், எல்லாம் சேர்ந்து 23. மீதி 13 அங்குலம் காற்று போய்வர. இந்தப் பதின்மூன்று அங்குலம்தான் மழைக்காலத்தில் துணியைக் காப்பாற்றுகிறது. ஐம்பது சட்டையைத் திணித்த கம்பியில் விரல்கூட நுழையாது. உள்ளே போன ஈரம் உள்ளேயே நிற்கும்.

கஞ்சி போட்டு மடித்து நாள்கணக்கில் வைத்த சட்டைக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு, ராமபாணப் பூச்சி. அதற்கு மாவுப்பசை பிடிக்கும். உடுத்தப்போகிற சட்டைக்கு மட்டும் கஞ்சி போடுங்கள். எடுத்து வைக்கப்போகும் சட்டையைக் கஞ்சியில்லாமல் துவைத்து, நன்றாக உலர்த்தி வைக்க வேண்டும்.

பெட்டிக்குள்ளேயே கெடும் பொருள்கள்

சேர்ப்பவர்கள் நம்பும் ஒன்று: ‘இப்போது போடாவிட்டால் என்ன, புதுசாகவே இருக்குமே.’ இந்த நம்பிக்கை முதலில் உடைவது ஷூவில். மலிவான, நடுத்தர விலை ஷூக்கள் பலவற்றில் அடிப்பாகம் பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் பட்டு அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல அறுபடும். நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நிகழ்கிறது, மூடிய பெட்டியில் கிடந்தால் இன்னும் மோசம். மூன்று நான்கு ஆண்டு பெட்டியில் வைத்திருந்த ‘புது’ ஷூவைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறும்போது, குதிகால் டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி துண்டு துண்டாக உதிரும். மேல்தோல் பளபளப்பாகவே இருக்கும். ஒட்ட வைக்கவும் முடியாது, ஒட்டுவதற்குப் பிடிமானமே மிஞ்சாது.

இதற்கு நேர்மாறு, மேல்தோலையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் பட்டை (வெல்ட்) வைத்துத் தைத்த தோல் ஷூ. அடிப்பாகம் தேய்ந்தால் பிரித்து வேறு போட்டுக்கொள்ளலாம். மூன்று ஜோடி போதும்: கயிறு கட்டும் வகையில் அடர் பழுப்பு டெர்பி, கறுப்பு ஆக்ஸ்ஃபோர்ட், கயிறில்லாத ஒரு லோஃபர். ஒரு நாள் போட்டால் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். கால் வியர்வை தோலிலிருந்து வெளியேற அவ்வளவு நேரம் ஆகும். மழையில் தோல் அடிப்பாகம் ஈர மார்பிள் படியில் வழுக்கும், அதனால் ரப்பர் அடிப்பாகமே நல்லது. ஜூலையில் ரப்பர் செருப்பில் போய் அலுவலகத்தில் ஷூ மாற்றிக்கொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, சில மணி நேரத்துக்கொரு முறை தாளை மாற்றி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விட வேண்டும். வெயிலிலோ ஹீட்டர் பக்கமோ வைத்தால் தோல் வெடிக்கும்.

சாக்ஸ், உள்ளாடை இவற்றின் எலாஸ்டிக்கும் அப்படித்தான், பாக்கெட் பிரிக்காமலே காலப்போக்கில் இழுவை போய்விடும். டிரைகிளீனர் போட்டுத் தரும் பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு வந்ததும் கழற்ற வேண்டும். உள்ளே சிக்கிய ஈரத்தை அது வெளியே விடாது. தூசிக்குப் பயந்தால் பழைய பருத்தி வேட்டியில் உறை தைத்துக்கொள்ளலாம்.

கோட் வாங்கும்போது

கோட்டில்தான் காசும் அதிகம், ஏமாற்றமும் அதிகம். முன்பக்க மார்புத் துணிக்கு விறைப்புக் கொடுக்க உள்ளே ஓர் அடுக்கு இருக்கும். மலிவான கோட்டில் அதைச் சூடேற்றிப் பசையால் ஒட்டியிருப்பார்கள், பெயர் ஃபியூசிங். நல்ல கோட்டில் குதிரை முடி கலந்த கேன்வாஸை நூலால் தைத்திருப்பார்கள். கேன்வாஸ் மார்புவரை மட்டும் இருந்தால் அரைக் கேன்வாஸ், கீழ் விளிம்புவரை இருந்தால் முழுக் கேன்வாஸ். பசை ஒட்டியது ஈரம், சூடு, அடிக்கடி டிரைகிளீனிங் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டத்தில் விட்டுப்போகும். அப்போது மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். இஸ்திரி வைத்தால் அமுங்கினது போல் தெரிந்து மறுநாளே திரும்ப வரும்.

கடையிலேயே சோதிக்கலாம். கீழ்ப் பொத்தான் துளைக்கு அருகே, வெளித் துணியை ஒரு கையாலும் உள் துணியை மறு கையாலும் பிடித்து மெல்ல விலக்குங்கள். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியாக நழுவினால் முழுக் கேன்வாஸ். வெளித் துணியோடு ஒட்டிக்கொண்டு தடிப்பாகவே இருந்தால் அந்த இடத்தில் ஃபியூசிங். அரைக் கேன்வாஸ் என்று சொன்னால் இதே சோதனையை மார்புப் பக்கமும் செய்து பார்க்க வேண்டும். தினம் கோட் போடாதவருக்கு அரைக் கேன்வாஸ் தாராளம்.

துணிக்கு மங்கள்தாஸ் மார்க்கெட் சந்துகளுக்குள் போனால் ‘சூப்பர் 120’, ‘சூப்பர் 150’ என்று கரையில் அச்சடித்த துணி மலையாகக் குவிந்திருக்கும். அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைக் குறிப்பது. சூப்பர் 100 என்றால் இழையின் தடிமன் 18.75 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக் கூடாது, சூப்பர் 120-க்கு 17.75, சூப்பர் 150-க்கு 16.25. எண் ஏற ஏற துணி வழவழப்பாகும், கூடவே சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். லோக்கல் டிரெயின் நெரிசலுக்கு சூப்பர் 150 சரிப்படாது. சூப்பர் 100, 110-க்குள், நூலை இறுக்கி முறுக்கி நெய்த, சதுர மீட்டருக்கு 240 முதல் 280 கிராம் எடையுள்ள சாதா நெசவு அல்லது கூடைப் பின்னல் போன்ற ஹாப்சாக் நெசவு கேளுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளை மாதிரி ஒளி தெரிய வேண்டும். அந்தத் துளைகள் வழியாகத்தான் காற்று போகும்.

இதில் இன்னொரு வேடிக்கை, பாலியெஸ்டரும் விஸ்கோஸ் என்ற மரக்கூழ் இழையும் கலந்த டெர்ரி ரேயான் துணியின் கரையிலும் அதே ‘சூப்பர்’ அச்சு வரும். நம்பாதீர்கள். ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி, கடைக்கு வெளியே வந்து தீக்குச்சி வையுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை அடிக்கும், மிஞ்சும் கரி விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கல் போல ஒரு கறுப்பு மணி நிற்கும். கம்பளியும் பாலியெஸ்டரும் கலந்த துணியில் இரண்டும் சேர்ந்து வரும்.

சூட்டுக்கு 58 அங்குல அகலத்தில் மூன்று முதல் மூன்றேகால் மீட்டர், பேன்ட்டுக்கு மட்டும் என்றால் 1.2 மீட்டர், முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர் போதும். 36 அங்குல அகலச் சட்டைத் துணி என்றால் இரண்டேகால் மீட்டர். லைனிங் முதுகின் மேல்பாதிக்கும் கைகளுக்கும் மட்டும் போடச் சொல்லுங்கள். அதுவும் விஸ்கோஸில் இருக்கட்டும். கம்பளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே முழுக்க பாலியெஸ்டர் லைனிங் போட்டால், மழைக்கோட்டுக்குள் நிற்பது மாதிரிதான்.

வரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேலே போனால் 18. துணியாக வாங்கினால் 5 சதவீதம்தான். விலை கூடிய பேன்ட், கோட் விஷயத்தில் தைத்துக்கொள்வதன் பக்கம் தராசு இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

நிறத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முதல் கோட் கரு நீலம். பேன்ட்டில் நடுத்தரச் சாம்பல் இரண்டு, காக்கி இரண்டு, அடர் சாம்பல் ஒன்று. சட்டையில் வெள்ளை நாலு, இளநீலம் நாலு, மெல்லிய கோடு இரண்டு. எதை எடுத்தாலும் எதோடும் சேரும். முதல் கோட்டையே கறுப்பில் வாங்குவது நம்மவர்களிடம் நிலைத்துவிட்ட பழக்கம். பகல் வெளிச்சத்தில் அது ஹோட்டல் ஊழியர் சீருடை போலத் தெரியும், பழுப்பு ஷூவோடும் ஒட்டாது.

உடம்பு மாறும்போது

முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே இடுப்பு இரண்டு அங்குலம் ஏறுவது சாதாரணம். அன்றைக்கு 34 இடுப்பில் இருபது பேன்ட் வைத்திருப்பவருக்கு இருபதும் ஒரே நாளில் பழசு. அதனால் டெய்லரிடம் அளவு கொடுக்கும்போதே பின் தையலுக்குள் ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்ல வேண்டும், கால் மடிப்பில் இரண்டு அங்குலம். ஆயத்த பேன்ட்டில் பெரும்பாலும் அரை அங்குலம்தான் இருக்கும், பிரித்துத் தைக்க வழியே கிடையாது. கோட்டில் இடுப்பு, கை நீளம் திருத்தலாம். தோள் பொருந்தவில்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிட வேண்டியதுதான், தோளைத் திருத்தும் கூலியில் இன்னொரு கோட்டே பார்த்துவிடலாம். சட்டையில் முதலில் போவது காலர் மடிப்பு. உடம்புத் துணி நன்றாக இருந்தால் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துத் தரும் டெய்லர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு சட்டைக்கு அதனால் இன்னும் ஓர் ஆண்டு ஆயுள் கூடும்.

இந்தக் கவலை எதுவுமே இல்லாத ஒரே உடை வேட்டி. இடுப்பு 32 ஆனாலும் 40 ஆனாலும் அதே எட்டு முழம். பருத்தியில் இரண்டு, பட்டில் ஒன்று வைத்துக்கொண்டால் மாட்டுங்காவில் நடக்கும் எல்லாக் கல்யாணத்துக்கும் அதுவே போதும். பட்டு வேட்டியை மட்டும் மூன்று மாதத்துக்கொரு தடவை மடிப்பு மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மடிப்பில் ஜரிகை முறியும்.

அளவாக அமைப்பதிலும் சறுக்கல் உண்டு

வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது முதல் தவறு. டுவீட், ஃபிளானல் போன்ற கதகதப்பான கம்பளித் துணிகள், நீள மழைக்கோட் எல்லாம் இங்கிலாந்துக் குளிருக்கு உண்டானவை. டில்லியில் டிசம்பர், ஜனவரியிலாவது ஃபிளானலை வெளியே எடுக்கலாம், இங்கே அதற்கு நாளே வராது. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் தைத்துவிடுவது அடுத்த தவறு. முதல் சட்டையில் காலர் அரை அங்குலம் தவறினால் பத்துச் சட்டையிலும் தவறும். துணியை முதலில் நனைத்து உலர்த்தி, ஒரே ஒரு சட்டை தைத்து, மூன்று தடவை துவைத்துப் போட்டுப் பார்த்து, கழுத்தில் இரண்டு விரல் நுழைகிறதா, கை மணிக்கட்டு எலும்பை மூடுகிறதா என்று சரிபார்த்த பிறகே மற்றதற்குக் கத்தரி வைக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தவறு நுட்பமானது. ‘சரியான நீலக் கோட்’ ஒன்றைத் தேடுகிறேன் என்று சொல்லி ஐந்து நீலக் கோட் வாங்குவது. பேச்சில் அளவு இருக்கும், பீரோவில் இருக்காது. அமைப்பதாக நினைத்துக்கொண்டே சேர்ப்பவர்களில் பலர் இந்த வகைதான், துணி ஞானம் கூடக் கூட இந்த நோய் கூடும்.

சேர்ப்பதற்கும் ஒரு நியாயம்

சேர்ப்பது முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. கைத்தறித் துணி, பழைய நெசவு, பட்டு டை என்று ஒரே ஒரு வகையை எடுத்துக்கொண்டு, எதை எங்கே வாங்கினோம் என்று குறித்து, பெட்டி நிறைந்தால் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்குகிறவருக்குக் கண் தேறும். டை இருபது இருந்தாலும் ஒரு இழுப்பறைக்குள் அடங்கிவிடும். கோட்டும் ஷூவும் அப்படி அடங்காது.

கட்டுப்பாடு போன சேர்க்கைக்கு அடையாளம் வேறு. விலைச்சீட்டு கழற்றாத உடைகள் நாலுக்கு மேல் தொங்கும். ஏற்கெனவே இருக்கும் அதே நீலச் சட்டை மறுபடி வந்திருக்கும். ஆர்டர் போடும் நிமிடம்வரை படபடப்பு, பார்சல் பிரித்த பத்தாவது நிமிடம் வெறுமை. மனைவி கண்ணில் படாமல் பார்சல் அலுவலக முகவரிக்குப் போகும். ஒரு தவணை முடியுமுன் அடுத்த தவணை தொடங்கும். எமில் கிரெப்ளின் போன்ற மனநல மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்படி அடக்க முடியாமல் வாங்குவதைத் தனியாகக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே கடனும் ஒளிப்பதும் வந்துவிட்டால் பீரோவை ஒழுங்குபடுத்தும் யோசனைகள் உதவாது. மருத்துவரிடம் பேச வேண்டும், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

அந்த அளவுக்குப் போகாதவர்களுக்குச் சின்னத் தடைகளே போதும். செயலியில் சேமித்த கார்டு விவரத்தை நீக்குங்கள், ஒவ்வொரு தடவையும் பதினாறு இலக்கம் தட்ட வேண்டியிருந்தால் பாதி ஆசை வடியும். வாங்க நினைத்ததை ஒரு தாளில் எழுதி 30 நாள் விடுங்கள், பக்கத்திலேயே அது சேரும் மூன்று உடைகளையும் எழுதுங்கள். மூன்று தேறாவிட்டால் அடித்துவிடலாம். ஜனவரியிலும் ஜூலையிலும் வரும் சீசன் முடிவுத் தள்ளுபடிக்குப் போகலாம், ஆனால் தேய்ந்ததற்கு மாற்று வாங்க மட்டும்.

எப்போது, எதிலிருந்து தொடங்குவது?

மும்பையில் இதற்குப் பொருத்தமான மாதம் அக்டோபர். மழை விட்டதும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெயில் நேராகப் படாத இடத்தில் காற்றாட விடுங்கள். பூஞ்சை பூத்தவை எவை என்று பார்த்தாலே நாலு மாதமாக எதைத் தொடவில்லை என்பது தெரிந்துவிடும், வேறு கணக்கெடுப்பு வேண்டாம். பூஞ்சையை வீட்டுக்குள் தட்டக் கூடாது, பொடி பறந்து மற்ற துணியில் உட்காரும். பால்கனியில் வைத்து பிரஷ் போட்டு, கோட்டை டிரைகிளீனருக்கும் பருத்தியை வெந்நீருக்கும் அனுப்புங்கள். மிச்சமிருப்பதை ஹேங்கர் கொக்கி தலைகீழாக இருக்கும்படி மாட்டுங்கள். உடுத்தியதை மட்டும் நேராகத் திருப்பி மாட்டினால், ஜனவரிக்குள் தலைகீழாகவே நிற்பவை எவை என்று தெரியும்.

அந்த மூன்று மாதமும் புதிதாக எதுவும் வேண்டாம். பிறகு முதலில் ஷூ, அடுத்து பேன்ட், அதற்கப்புறம் சட்டை, கடைசியாகக் கோட். கடைக்காரர்கள் கோட்டிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். ஆனால் தினம் தேய்வது ஷூவும் பேன்ட்டும்தான். கோட்டை கல்யாண சீசன் நெருக்கத்தில் தைக்கக் கொடுத்தால் டெய்லர் ஒரு டிரயலோடு முடித்துவிடுவார். மார்ச், ஏப்ரலில் கொடுத்தால் இரண்டு டிரயலுக்குப் பொறுமை இருக்கும்.

வெளியேற்ற வேண்டியவற்றில் நல்ல சட்டை, பேன்ட்டைத் துவைத்து, பொத்தான் சரிபார்த்துக் கொடுத்தால் உடனே யாருக்காவது பயன்படும். பாத்திரத்துக்குப் பழந்துணி வாங்கும் பெண்கள் இன்னும் கட்டட வாசலுக்கு வருகிறார்கள், பத்துச் சட்டைக்கு ஒரு டப்பா தேறலாம். நாலு மழைக்காலம் பெட்டியில் கிடந்த பாலியூரித்தேன் ஷூவை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வாங்கியவர் நடந்த முதல் நாளே அது படியில் உதிரும்.